ஆறு ஊர்ச் சீட்டு

எங்கள் ஸ்டேஷனில் அவளுக்கு 'அடுத்தக்கா' என்று பெயர். ஜன்னலுக்கு வெளியே நிற்பவன் சீட்டை வாங்கி மீதிச் சில்லறையைப் பையில் போடுவதற்குள் "அடுத்து!" என்று கூப்பிட்டுவிடுவாள். அவன் நகரவில்லை என்றால் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க. போர்ட்டர்கள் வைத்த பெயர், மேலதிகாரி வரைக்கும் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷமாக நான்காம் நம்பர் கவுண்டர் அவளுடையது. மூன்றாம் நம்பர் என்னுடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதில் ஓர் ஓட்டை, ஓட்டையில் ஒரு கிழட்டு டெலிபோன். விசாரணை டெலிபோன். அது அடித்தால் யார் கை காலியோ அவர் எடுக்க வேண்டும். என் கை காலியாகத் தெரியக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன்.

அவளுக்கு வந்த வரன்களையும் 'அடுத்து' என்று சொல்லித்தான் அனுப்பினாள் என்று கேலி செய்வேன். உண்மை அதுவல்ல. அப்பாவும் அம்மாவும் போனபோது அவளுக்கு இருபது வயது, தம்பிக்கு ஒன்பது. தம்பியையும் கூட்டிக்கொண்டு வா என்று எந்த வரனும் சொல்லவில்லை. அவளும் கெஞ்சவில்லை. அவனைப் படிக்க வைத்துப் பார்த்தாள், படிப்பு ஏறவில்லை. குழாய் வேலைக்கு விட்டாள், அது கைவந்தது. கல்யாணமும் செய்துவைத்தாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு நாலரை வயதாகும்போது அதன் அம்மா நான்கே நாள் காய்ச்சலில் செத்துப்போனாள்.

அதற்குப் பிறகு அவன் மனிதனாக இல்லை. வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்து உட்காருவான். குழந்தை மடியில் ஏறினால் இறக்கிவிடுவான். ஆறு மாதம் பொறுத்த அக்கா ஒரு நாள் வெடித்தாள். "இப்படி உக்காந்திருக்கிறதுக்கு நீயும் அவகூடவே போயிருக்கலாம்டா" என்றாள். மறுநாள் காலை, பால் வாங்கிவருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனவன் பதினான்கு மாதமாகத் திரும்பவில்லை. எந்த நாட்டு மாட்டைத் தேடிப் போனான் என்று நான்கூட ஒரு தடவை கேட்டுவிட்டேன். என் நாக்கைச் சுட்டாலும் தகும்.

போய் மூன்று மாதம் கழித்து டெலிபோன் வர ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒன்று, இரண்டாவது வாரத்தில். அவளுடைய கைபேசிக்கு அடித்தால் நம்பர் தெரிந்துவிடும் அல்லவா, அதனால் எங்கள் விசாரணை டெலிபோனுக்கு அடிப்பான். எடுத்து "விசாரணை, சொல்லுங்க" என்றால் பேச்சே இருக்காது. 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் யாரோ தொண்டையைச் செருமுவார்கள். அந்தச் செருமல் தம்பியுடையதுதான் என்று அவள் சத்தியம் செய்தாள். எங்கள் ஹாலின் மணி வேறு குறுக்கே அடித்துத் தொலைக்கும், ஒன்றும் சரியாகக் கேட்காது. அவள் பாட்டுக்குப் பேசுவாள்.

"பாப்பாவுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருச்சுடா. பேசினா பாதி காத்துதான் வருது. நீ எங்கடா இருக்க?"

அந்தக் கேள்வி வந்ததும் வைத்துவிடுவான். இரண்டு தடவை நான் எடுத்தேன். "பேச வாயில்லன்னா எதுக்குய்யா போன் பண்ற?" என்று கத்தினேன். போலீஸில் சொன்னதற்கு, "உயிரோட இருக்கான்னு தெரியுதுல்ல? பெரிய ஆளு, தானா போனான், தானா வருவான்" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள்.

தானா வருவான் என்று அவளும் இருந்திருப்பாள். ஆனால் அந்த மாதம் டெலிபோன் வந்து மூன்றாம் நாள், பெரிய ஆஸ்பத்திரியில் அவள் மார்பில் இருந்த கட்டிக்கு ஒரு பெயர் சொன்னார்கள். இருபத்தாறாம் தேதி ஆபரேஷன், ஒரு நாளும் தள்ளக் கூடாது. பிழைப்பேனா என்று இவள் நேராகவே கேட்டிருக்கிறாள். டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'நெருங்கிய உறவினர்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டுவிட்டு வந்து, கவுண்டரைத் திறந்து, சாயங்காலம் வரை டிக்கெட் கொடுத்தாள். வரிசை முடிந்த பிறகுதான் ஓட்டை வழியாக என்னிடம் சொன்னாள்.

"அண்ணா, எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா பாப்பா யாரு கைல நிக்கும்?"

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். 'நான் இருக்கேன்மா' என்று இரண்டே சொல். சொல்லவில்லை. ஒற்றை அறை வீடு, முட்டி தேய்ந்த மனைவி, இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு பெறும் நான். அறுபது வயதில் ஆறு வயதுப் பிள்ளையா என்று மனம் கணக்குப் போட்டது. "கடவுள் இருக்கார்" என்றேன். பொறுப்பைத் தட்டிவிட நினைக்கும் எல்லாருக்கும் அவர்தானே உதவுகிறார்.

அவள் கடவுளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். அங்கே நாங்கள் தினமும் விற்கும் சுற்றுச்சீட்டின் விளம்பரம் தொங்கியது. பத்து நாள், ஆறு ஊர், ஒரே விலை. போன வழியில் திரும்பக் கூடாது, ஆறு ஊரில் மட்டும் வெளியே போய் வரலாம், ஏழாவது இடத்தில் இறங்கினால் சீட்டு அதோடு செத்தது. கையில் காசில்லாத மாணவர்களும் புது ஜோடிகளும் வாங்குவார்கள். கடல் வேண்டுமா, மலை வேண்டுமா என்று கேட்டு அவர்களுக்கு ஊர் பொறுக்கிக் கொடுப்பதில் அவள் கெட்டிக்காரி. ஊழியருக்கு அது பாதி விலை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் நான் வரைபடத்தை மேஜையில் விரித்தேன். சிவப்புப் பென்சில் என் கையில். இந்தப் பரந்த நாட்டில் பெரிய ஊர் என்று பதினைந்து இருக்கின்றன. ஒன்பதை அடிக்க வேண்டும்.

"குளிர் ஊர் மூணையும் முதல்ல எடுத்துடலாம். அவனுக்குப் பச்சைத் தண்ணி பட்டாலே சளி பிடிக்கும்" என்றாள்.

அடித்தேன். கோடியில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குப் போகவே நாலு நாள் ஆகும். அடித்தேன். சுரங்க ஊரில் குழாய் வேலைக்காரனுக்கு என்ன பிழைப்பு? அடித்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் மெதுவாண்ணா. நீங்க அடிக்க அடிக்க, அவனையே அடிச்சு விடுற மாதிரி இருக்கு."

"இருக்கிறது பத்து நாள். எல்லா ஊரும் போகணும்னா ஒரு வருஷம் ஆகும்" என்று எரிந்து விழுந்தேன். பயந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

டெலிபோனில் கேட்ட இரைச்சல் கடல்தான் என்று இருவரும் முடிவுகட்டினோம். எனவே இரண்டு துறைமுக ஊர்கள். புதுக் கட்டடங்கள் முளைக்கிற மூன்று ஊர்கள். பிறகு தலைநகரம், காணாமல் போகிற பாதிப் பேர் அங்கேதானே போகிறார்கள். ஆறு ஆயிற்று. அப்போது அவள் வரைபடத்தின் நடுவில், எல்லாப் பாதையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும் இடத்தில் விரலை வைத்தாள்.

"சந்திப்புல இறங்கிப் பாக்க வேணாமா?"

நான் சிரித்தேன். "அது ஒரு ஊராம்மா? தண்ணி பிடிப்பான், இஞ்சின் மாத்துவான், கிளம்பிடுவான். அந்த இடத்துக்கு டிக்கெட் கேட்டு உன் ஜன்னலுக்கு எத்தனை பேர் வந்திருக்கான்?"

"வருஷத்துக்கு ரெண்டு பேர்."

"அப்புறம்?" என்று அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டேன். டிக்கெட் விற்கிறவர்களுக்கு ஒரு குருட்டுத்தனம் உண்டு. யாரும் டிக்கெட் கேட்காத இடத்தில் மனிதர்கள் இருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றாது.

பதினான்காம் தேதி புறப்பட்டாள். குழந்தை எங்கள் வீட்டில். அவளிடம் அறை எடுக்கப் பணமில்லை. பயணிகள் தங்கும் கூடத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டு, எந்த ஊர், எத்தனை தெரு, யார் என்ன சொன்னார்கள் என்று ஒப்பிப்பாள்.

தலைநகரத்தில் விடியற்காலை கூலி ஆட்கள் நிற்கும் முனைகள் மட்டும் நாற்பது இருந்தனவாம். ஒவ்வொன்றிலும் தம்பியின் போட்டோவைக் காட்டினாள். ஒருவன் உற்றுப் பார்த்துவிட்டு, "இவர் கிடைக்கலன்னா சொல்லுங்கக்கா, நானே தம்பியா வந்துடறேன், எனக்கும் குழாய் வேலை தெரியும்" என்றானாம். சிரித்தாளாம். அடுத்த தெருவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

முதல் துறைமுகத்தில் கைபேசியைக் கடல் பக்கம் நீட்டி, "கேளுங்கண்ணா, இந்தச் சத்தமா?" என்றாள்.

"அதேதான்!" என்றேன்.

"இல்லண்ணா. இது நிறுத்தி நிறுத்தி இரையுது. அது நிக்காம இரையும்."

வரைபடத்தை மறுபடி விரித்தேன். கடல் இல்லை என்றால் நாங்கள் பொறுக்கிய ஆறில் இரண்டு வீண். இரண்டாவது துறைமுகத்துக்கும் போனாள். வழி அப்படித்தான் போட்டிருந்தது, மாற்ற முடியாது. அங்கேயும் கடல் நிறுத்தி நிறுத்தித்தான் இரைந்தது. நான்காவது ஊரில் மழை. ஐந்தாவதில் போட்டோவின் மூலை கிழிந்துவிட்டது. அவள் குரல் கரகரத்தது. கட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் நேரமில்ல" என்றாள்.

வீட்டில் குழந்தை சாப்பிடும்போது கேட்டது, "அப்பா பால் வாங்க இவ்ளோ தூரமா போனாங்க, தாத்தா?" நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

ஆறாவது ஊரில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததும், "இவரா? பின்னாடி விடுதியில மாடி அறை" என்றார். மூன்று மாடி ஏறினாள். கதவு பாதி திறந்திருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அதே தோள், அதே கழுத்து. "டேய்" என்றாள். திரும்பியவன் யாரோ. யாருக்கோ தம்பி, அவளுக்கு இல்லை. படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"ஆறும் முடிஞ்சுபோச்சுண்ணா. நான் என்ன செய்வேன்? அந்தப் பச்சப் பிள்ளைய எங்க கொண்டுபோய் விடுவேன்?"

வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். "வீட்டுக்கு வாம்மா" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டை அடித்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி காலை பத்து மணி இருக்கும். திரும்பும் ரயில் சந்திப்பில் இருபது நிமிஷம் நின்றது. போகும்போது வேறு பாதையில் வந்த ரயிலும் அங்கே நின்றிருந்தது. அப்போது மழைக்காக ஜன்னலை இறக்கிவிட்டு அவள் தூங்கியிருந்தாள். இந்தத் தடவை புழுக்கம், ஜன்னல் திறந்திருந்தது. என் கைபேசி அடித்தது.

"அண்ணா, நம்ம ஹால் மணி எத்தனை தட்டு?"

"எந்த மணி?"

"அறிவிப்புக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல அடிக்குமே, அந்த மணி! எத்தனை தட்டு? சீக்கிரம் சொல்லுங்க!"

ஒரு நாளைக்கு எண்பது தடவை கேட்கிற மணி. முப்பது வருஷம் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அது அடிக்கும்வரை காத்திருந்து எண்ணினேன். "ரெண்டு."

அவள் கிட்டத்தட்டக் கத்தினாள். "போன்ல கேட்டது மூணு தட்டுண்ணா. மாசா மாசம் கேட்டோமே, அது நம்ம மணியே இல்ல. இங்க இப்ப மூணு அடிச்சுது. பெட்டிக்குத் தண்ணி ரொப்புறாங்க, அந்த இரைச்சல்கூட அதேதான்."

எங்கள் ஊரில் பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்புவது ஒரு மைல் தள்ளி, யார்டில். கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை. மணியையோ கேட்டுக் கேட்டு, எங்களுடையது என்றே நினைத்துவிட்டோம். அவன் ஒரு வருஷமாகத் தான் இருக்கும் இடத்தை எங்கள் காதில் மணி அடித்துச் சொல்லியிருக்கிறான். நான் அந்த இடத்தின்மேல் பெருக்கல் குறி போட்டேன்.

அவள் நடைமேடைப் பக்கம் இறங்கவில்லை. மறுபக்கக் கதவைத் திறந்து தண்டவாளத்தில் குதித்தாள். பெட்டிக்கு ஒருவனாக ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓடினாள். ஒன்பதாவது பெட்டியின் கீழே, முழங்கால்வரை நனைந்து, அவன் நின்றான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த குழாய் நழுவித் தரையெல்லாம் தண்ணீர் ஓடியது.

பத்து நாளும் அவள் மனதுக்குள் அவனை அறைந்தும் இருக்கிறாள், கட்டிக்கொண்டும் இருக்கிறாள். நேரில் இரண்டுமே வரவில்லையாம். கவுண்டரில் பேசுகிற மாதிரி மடமடவென்று சொல்லியிருக்கிறாள்.

"இருபத்தாறாம் தேதி எனக்கு ஆபரேஷன். மார்ல கட்டி. பிழைப்பேனான்னு தெரியாது. பாப்பாவுக்கு வேற நாதி இல்ல. வண்டில ஏறு."

அவன் தொண்டையைச் செருமினான். "அவ முகத்தைப் பாக்க முடியாதுக்கா. அவ அம்மா மாதிரியே இருப்பா."

"ஆமாடா, இருக்கா. நான் தினமும் பாக்குறேன்."

பதினான்கு மாதம் அவள் தொண்டையில் சிக்கியிருந்ததையும் சொல்லிவிட்டாள். "அன்னிக்கு நான் சொன்னது தப்புடா. என்னை மன்னிச்சிரு. எனக்காக வர வேணாம், அவளுக்காக வா." இஞ்சின் ஊதியது. பக்கத்துப் பெட்டிக்குத் தண்ணீர் பிடித்தவன் அவளைக் கைகொடுத்து ஏற்றிவிட்டான். கதவில் நின்று பார்த்தாள். தம்பி குனிந்து குழாயை எடுத்து, அடுத்த வண்டிக்கு நகர்ந்தான்.

"பாத்தேண்ணா. வரல" என்றுதான் வந்து சொன்னாள். மீதியை நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

இருபத்தைந்தாம் தேதி ஓட்டை வழியாக ஓர் உறையைத் தள்ளினாள். குழந்தையின் தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடச் சீட்டு, எது சாப்பிடும் எது சாப்பிடாது என்று எழுதிய தாள், கடைசியாக ஒரு குழந்தைகள் இல்லத்தின் முகவரி. "ஒரு வாரம் வச்சுப் பாருங்கண்ணா. அதுக்கு மேல சிரமப்படாதீங்க." அப்போதும் நான் அந்த இரண்டு சொல்லைச் சொல்லவில்லை. உறையை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். என்னைவிடக் கேவலமானவனை நான் என் கண்ணாடியில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். என் மனைவியும் குழந்தையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார்கள். நான்காம் நம்பர் காலி என்பதால் எனக்கு விடுப்பு இல்லை. இரண்டு வரிசையும் என் ஜன்னலில். பதினோரு மணி ஆகியும் தகவல் இல்லை. விரல்கள் தவறான பொத்தானையே அழுத்தின.

டெலிபோன் அடித்தது. கை காலியில்லாமலே எடுத்தேன். பேச்சில்லை. பிறகு அந்தச் செருமல்.

எனக்குத் தலைக்கு ஏறியது. "டேய், நீயா? உன் அக்காவைக் கத்தி வைக்கக் கொண்டுபோய் ரெண்டு மணி நேரமாச்சு. நாடு பூரா நாயா அலைஞ்சு உன்னைத் தேடினா. இனிமே உன்னை யாரும் தேடப் போறதில்ல. நீ வர வேணாம்! பாப்பாவை நான் வளத்துக்கறேன். கேக்குதா? நான் இருக்கேன். நான் இருக்கேன் அவளுக்கு! போனை வை!"

அவன் வைக்கவில்லை. அப்போது மணி அடித்தது. அனிச்சையாக எண்ணினேன். இரண்டு தட்டு.

டெலிபோன் என் வலது காதில் இருந்தது. அதிலும் இரண்டு தட்டு. பிறகு பன்னிரண்டாம் நம்பர் வண்டி தாமதம் என்று அறிவிப்புக்காரி சொல்வது ஹாலிலும் டெலிபோனிலும் சேர்ந்து கேட்டது.

எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். வரிசைக்குப் பின்னால், பொது டெலிபோன் தொங்கும் தூணருகே, ஒல்லியாக ஒருவன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். கூப்பிட வாயைத் திறந்தேன். அவன் பெயர் எனக்கு மறந்துபோயிருந்தது.

"அடுத்து!" என்று கத்தினேன்.

வரிசையில் முதலில் நின்ற அம்மாள் காசை நீட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"உங்களை இல்லம்மா" என்றேன். "அந்தத் தூண்கிட்ட நிக்கிறானே, அவனை."